கடித்த நாய்க்கு யார் பொறுப்பு? 'ஆபத்தான நாய்' சட்டங்கள் குறித்து ஒரு பார்வை

புதுதில்லி: நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 37.17 லட்சம் நாய்க்கடி சம்பவங்கள் பதிவாகியுள்ளன. வெறிநாய்க்கடி நோயால் 54 பேர் உயிரிழந்திருக்கக்கூடும் எனச் சந்தேகிக்கப்படுகிறது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த தகவல் இது. தெரு நாயோ, வளர்ப்பு நாயோ, ஒருவரைக் கடித்துவிட்டால் அதன்பின் எழும் முதல் கேள்வி, யார் பொறுப்பு என்பதே. ஆனால், 'ஆபத்தான நாய்' என்று எதைச் சொல்வது என்பதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்ட வரையறை இல்லை. மாநகராட்சிக்கு மாநகராட்சி விதி மாறுகிறது. மத்திய அரசு ஒரே பட்டியலால் இதைத் தீர்க்க முயன்று, ஐந்து வாரங்களில் அம்முயற்சி நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது.

அந்தப் பட்டியல் எப்படி வந்தது, ஏன் நிலைக்கவில்லை, அது போன பின்னும் நடைமுறையில் இருக்கும் சட்டங்கள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லக்னௌவில் தொடங்கிய விவாதம்

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னௌவின் கைசர்பாக் பகுதியில், 82 வயது மூதாட்டி ஒருவர் தமது வீட்டிலேயே வளர்க்கப்பட்ட பிட்புல் நாய் தாக்கி உயிரிழந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவர் அப்போது வீட்டில் தனியாக இருந்தார். மாநகராட்சி ஊழியர்கள் அந்த நாயைப் பிடித்துச் சென்று கண்காணிப்பில் வைத்தனர்.

அடுத்த மாதமே, ஹரியாணாவின் குருகிராமில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவரை வளர்ப்பு நாய் ஒன்று தாக்கிப் படுகாயப்படுத்தியது. காவல் துறை பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையில் அது பிட்புல் எனக் குறிப்பிடப்பட்டது. விசாரணையின்போது உரிமையாளர் அது டோகோ அர்ஜென்டினோ என்றார். நாயின் இனத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு சான்று. இனத்தின் பெயரால் எழுதப்படும் எந்தத் தடையும் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

குருகிராம் வழக்கு வேறொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் சென்றது. 2022 நவம்பரில் ஆணையம் பிறப்பித்த உத்தரவில், காயமடைந்த பெண்ணுக்கு மாநகராட்சி ரூ.2 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க வேண்டும் எனவும், விரும்பினால் அத்தொகையை நாயின் உரிமையாளரிடமிருந்து மாநகராட்சி வசூலித்துக்கொள்ளலாம் எனவும் கூறியது. 11 வெளிநாட்டு இனங்களைத் தடை செய்யவும், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாய் என்ற வரம்பை விதிக்கவும் அது அறிவுறுத்தியது. பதிவு செய்யாத நாய் நகருக்குள் இருந்ததற்கு நகராட்சி நிர்வாகமே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்ற இந்த அணுகுமுறை, நாய் வளர்ப்போரைக் காட்டிலும் அதிகாரிகளையே அதிகம் கலங்கச் செய்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் வட இந்திய நகரங்கள் அடுத்தடுத்துத் தடைகளை அறிவித்தன. கான்பூர் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குத் தடை விதித்தது. காஜியாபாத் இவற்றுடன் டோகோ அர்ஜென்டினோவையும் சேர்த்தது. ஏற்கெனவே வளர்ப்போர் இரண்டு மாதங்களுக்குள் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றது. ஹரியாணாவின் பஞ்ச்குலாவும் இதே வழியில் சென்றது. நொய்டா ஆணையம் மட்டும் சற்று மாறுபட்டது. அது இனத்தைத் தொடவில்லை. வளர்ப்பு நாயாலோ பூனையாலோ அசம்பாவிதம் நேர்ந்தால் 2023 மார்ச் 1 முதல் ரூ.10,000 அபராதம், காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவும் உரிமையாளரையே சேரும் என்று அறிவித்தது. பதிவு, தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றையும் கட்டாயமாக்கியது. எது கடித்தது என்று பாராமல் யாருடையது என்று மட்டும் பார்க்கும் விதி இது.

இருபத்து மூன்று இனங்களின் பட்டியல்

2023 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், ஆபத்தான நாய் இனங்களைத் தடை செய்யக் கோரும் மனு ஒன்றின் மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகக் கால்நடை பராமரிப்பு ஆணையர் தலைமையில் வல்லுநர் குழு கூடியது. 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை, அனைத்து மாநில, யூனியன் பிரதேசத் தலைமைச் செயலாளர்களுக்கும் கடிதம் அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை எனக் கருதப்படும் 23 இனங்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் விற்பனை, இனப்பெருக்கம், வளர்ப்பு ஆகியவற்றுக்கான உரிமம் வழங்கக் கூடாது. ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்து மேற்கொண்டு பெருகாமல் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பிட்புல் டெரியர், தோசா இனு, அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஃபிலா பிரேசிலெய்ரோ, டோகோ அர்ஜென்டினோ, அமெரிக்கன் புல்டாக், போயர்போல், கங்கல், மத்திய ஆசிய ஷெப்பர்ட், காக்கேசியன் ஷெப்பர்ட், ராட்வைலர், ரொடீஷியன் ரிட்ஜ்பேக், கேன் கோர்சோ, அக்பாஷ், ஓநாய்க் கலப்பு நாய்கள் என நீளும் அப்பட்டியலைத் தமிழாக்க அமர்ந்த எவரும் ஓரிடத்தில் நின்றிருப்பார்கள். 'தோசா இனு' என்று ஒரு வரி. சற்றுத் தள்ளி 'ஜப்பானிய தோசா' என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே நாய். இன்னோரிடத்தில் அடைமொழி ஏதுமின்றி 'டெரியர்கள்' என்று மட்டும் இருந்தது. டெரியர் என்பது ஓர் இனமன்று, பெருங்குழு. மடியில் வைத்துக்கொள்ளும் மூன்று கிலோ எடையுள்ள யார்க்‌ஷயர் டெரியரும் அதில் அடங்கும். உரிமம் கேட்டு வருபவரின் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டிய மாநகராட்சி ஊழியர், இந்த வரியை எப்படிப் பொருள் கொள்வார்? உரிமையைப் பறிக்கும் ஆவணத்தில் இத்தகைய மயக்கம் சிறு பிழையாகாது.

பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. இந்திய அரசின் பட்டியலிலும் அந்நான்கும் உள்ளன. ஆனால், அங்கு அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். தடை செய்யப்பட்ட நாயை நீதிமன்றத்தின் அனுமதியுடன், வாய்மூடி, கருத்தடை, காப்பீடு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அண்மையில் எக்ஸ்எல் புல்லி என்ற வகையும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கு வந்தது ஒரு துறையின் கடிதம் மட்டுமே.

நீதிமன்றங்கள் கேட்டது என்ன?

கடிதம் வெளியான சில நாள்களிலேயே நாய் வளர்ப்போர் பல உயர்நீதிமன்றங்களை அணுகினர். கர்நாடக உயர்நீதிமன்றம் மார்ச் 19-இல் இடைக்காலத் தடை விதித்து, ஏப்ரல் 10-இல் சுற்றறிக்கையை ரத்து செய்தது. கல்கத்தா, கேரள உயர்நீதிமன்றங்கள் பகுதியளவில் தடை விதித்தன. ஏப்ரல் 16-இல் தில்லி உயர்நீதிமன்றமும் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பொது அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, அவற்றைப் பரிசீலித்த பின்னரே புதிய முடிவெடுக்க வேண்டும் என அறிவுறுத்தியது.

இத்தீர்ப்புகளை, நாய் வளர்ப்போருக்குக் கிடைத்த வெற்றி என்றே பலரும் புரிந்துகொண்டனர். அது பாதி உண்மை. குறிப்பிட்ட இனங்கள் ஆபத்தற்றவை என்று எந்த நீதிமன்றமும் சான்றளிக்கவில்லை. பாதிக்கப்படும் தரப்பினரைக் கேட்காமல், விதிகளில் இடமில்லாத தடையைச் சுற்றறிக்கை மூலம் கொண்டுவரலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பெயரே உணர்த்துவதுபோல் விலங்கை மனிதனிடமிருந்து காப்பதற்கானது. அதன்கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும், 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் எந்த இனத்தையும் ஆபத்தானது எனப் பெயர் சுட்டித் தடை செய்யவில்லை.

இந்தக் குழப்பம் தமிழகத்திலும் எதிரொலித்தது. 2024 மே 5-ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதையடுத்து மாநில கால்நடை பராமரிப்புத் துறை 23 இனங்களுக்குத் தடை விதித்து வெளியிட்ட அறிவிப்பு, வெளியான வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. மத்திய அரசின் மூலச் சுற்றறிக்கையே அப்போது உயிருடன் இல்லை. பின்னர், 2025 டிசம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்த மாமன்றத் தீர்மானம் வாயிலாக முடிவெடுத்தது.

சண்டீகரும் 2025-இல் அறிவிக்கை செய்த துணை விதிகளில் பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, அமெரிக்கன் புல்டாக் உள்ளிட்ட இனங்களைத் தடை செய்துள்ளது. அவ்விதிகளில் சுவையான ஓர் அம்சம், வளர்க்கக்கூடிய நாய்களின் எண்ணிக்கையை வீட்டின் பரப்போடு இணைத்திருப்பது. மர்லா என்பது பஞ்சாப் வட்டார நில அளவு. இருபது மர்லா ஒரு கனால். ஐந்து மர்லா வரையிலான வீட்டுக்கு ஒரு நாய், ஒரு கனால் வீட்டுக்கு நான்கு நாய்கள் என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

ஏற்கெனவே இருக்கும் சட்டம்

புதிய தடைகள் பற்றிய பரபரப்பில் பழைய சட்டங்கள் மறக்கப்பட்டுவிடுகின்றன. தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 399-ஆவது பிரிவு நாய்களைப் பதிவு செய்வதற்கும், பதிவு பெற்ற நாயின் கழுத்துப்பட்டையில் உலோக வில்லை அணிவிப்பதற்கும் வகை செய்கிறது. தம்முடைய நாய் பிறரை அச்சுறுத்தவோ தொல்லை கொடுக்கவோ கூடும் என அறிந்த ஒருவர், வாய்மூடியும் சங்கிலியும் இன்றி அதைப் பொது இடத்தில் விடக் கூடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. 'அறிந்த ஒருவர்' என்பதுதான் இங்கு முக்கியம். நாயின் இனம் எதுவாயினும், அதன் குணத்தை அறிந்தும் கட்டாமல் விட்டாரா என்று கேட்கிறது சட்டம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த வாசகம், 2024-ஆம் ஆண்டின் பட்டியலைவிடத் தெளிவாக இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

குற்றவியல் சட்டமும் இதே தடத்தில் செல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி, தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு போதிய ஏற்பாடு செய்ய அறிந்தே அல்லது கவனக்குறைவாகத் தவறுபவருக்கு ஆறு மாதங்கள் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவாக இது இருந்தபோது அபராத வரம்பு ரூ.1,000. பிறரின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் அசட்டையான செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125-ஆவது பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் 106-ஆவது பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

கடித்த நாயைப் பழிவாங்க முனைவோருக்கும் சட்டத்தில் எச்சரிக்கை உண்டு. விலங்கைக் கொல்வதும், நஞ்சு வைப்பதும், ஊனப்படுத்துவதும் 325-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க குற்றம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எழும் சச்சரவுகளுக்கு வேறொரு ஆவணம் மேற்கோள் காட்டப்படுகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் நலச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தாமாகத் தடை செய்ய இயலாது. நாயின் அளவையோ இனத்தையோ காரணம் காட்டவும் முடியாது. வாய்மூடி அணிவிக்க வற்புறுத்தவும் கூடாது. பொது இடங்களில் நாயைச் சங்கிலியில் பிடித்துச் செல்லுமாறு மட்டும் வளர்ப்போருக்கு அது அறிவுறுத்துகிறது. இதற்கு நேர்மாறாக, பல மாநகராட்சி விதிகள் வாய்மூடியைக் கட்டாயமாக்குகின்றன. ஒரே வளாகத்தில் இரு தரப்பும் ஆளுக்கோர் அரசு ஆவணத்தைக் கையில் ஏந்தி நிற்கும் காட்சிகள் இதனால்தான் அரங்கேறுகின்றன.

உரிமையாளர் இல்லாத நாய் கடித்தால்?

நாட்டில் தெரு நாய்களின் எண்ணிக்கை, 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.53 கோடி. இவற்றுக்கு இனத் தடை எதுவும் பொருந்தாது; வழக்குத் தொடர உரிமையாளரும் இல்லை. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உரிமையாளர் பொறுப்பு. தெரு நாய்க்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே நாயை விட வேண்டும் என்பது அவ்விதிகளின் அடிப்படை.

2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி மற்றும் சுற்றுப்புற நகரங்களின் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு மாற்ற உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பழைய இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவை, அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை, ஆக்ரோஷமாக நடந்துகொள்பவை ஆகியவற்றை மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-இல் பிறப்பித்த உத்தரவில் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அதே இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் பணித்தது.

'ஆக்ரோஷமான' நாய் எது என்பதை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது? இதற்கு நடைமுறை சார்ந்த ஒரு விடையை உத்தரப் பிரதேச அரசு 2025 செப்டம்பரில் அளித்தது. சீண்டப்படாமலேயே மனிதரைக் கடித்த தெரு நாய், பத்து நாள்கள் கருத்தடை மையத்தில் வைக்கப்படும். மைக்ரோசிப் பொருத்தப்பட்ட பின் விடுவிக்கப்படும். இரண்டாவது முறையும் அவ்வாறே கடித்தால் ஆயுள் முழுவதும் காப்பகத்தில் இருக்க வேண்டும். தெருவில் விட மாட்டேன் என உறுதிமொழிப் பத்திரம் அளித்து எவரேனும் தத்தெடுத்தால் மட்டுமே வெளியே வரலாம். கல் எறிந்ததால் கடித்ததா, காரணமின்றிக் கடித்ததா என்பதைக் கால்நடை மருத்துவர், உள்ளாட்சிப் பிரதிநிதி உள்ளிட்ட மூவர் குழு தீர்மானிக்கும். 'நாய்க்கு ஆயுள் தண்டனை' என்று சமூக வலைதளங்களில் இது கேலிக்குள்ளானது. எனினும், பெயரையும் உருவத்தையும் விட்டுவிட்டு, செய்த செயலை விசாரித்து 'ஆபத்தானது' என அறிவிக்கும் முறை இதில் இருக்கிறது. இதே முறை வளர்ப்பு நாய்களுக்கு நீட்டிக்கப்படவில்லை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை இரண்டு முன்னுதாரணங்கள் குறிப்பிடத்தக்கவை. கேரளத்தில் நாய்க்கடிக்கு உள்ளானோரின் கோரிக்கைகளை ஆராய, உச்சநீதிமன்றம் 2016-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜகன் தலைமையில் குழு அமைத்தது. பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் அளித்த தீர்ப்பில், நாய்க்கடியில் பதியும் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது ரூ.10,000, சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது ரூ.20,000 என்று அளவு நிர்ணயித்தது. முதன்மைப் பொறுப்பு மாநில அரசினுடையது என்றும், தவறிழைத்த அமைப்பிடமோ தனிநபரிடமோ அரசு அதை வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது.

கடிபட்டவர் செய்ய வேண்டியவை

காயத்தை உடனடியாகச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு போன்ற எதையும் பூசக் கூடாது. கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றாலும் மருத்துவரைக் காண்பதைத் தவிர்க்கக் கூடாது. தோலுக்குள் செலுத்தும் முறையில் கடிபட்ட அன்றும், அதைத் தொடர்ந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி போடப்படுகிறது. தோல் கிழிந்து இரத்தம் வந்த காயங்களுக்கு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். கடித்த நாயைப் பத்து நாள்கள் கண்காணிப்பதும் அவசியம். வெறிநோய் இருப்பின் அதற்குள் அறிகுறி வெளிப்பட்டுவிடும்.

இழப்பீடு கோரவோ வழக்குத் தொடரவோ சில ஆவணங்கள் உடனடியாகத் தேவைப்படும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டில் 'நாய்க்கடி' என்ற குறிப்பும் தேதியும் இடம்பெற வேண்டும். காயத்தின் புகைப்படங்கள், தடுப்பூசி அட்டை, சிகிச்சைக்கான ரசீதுகள் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். வளர்ப்பு நாயாக இருந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலுடன் உள்ளாட்சி அலுவலகத்தில் நாயின் பதிவு எண், தடுப்பூசி விவரம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் விண்ணப்பிக்கலாம். நாய் பதிவு செய்யப்படாதது எனத் தெரியவந்தால் அந்தப் பதிலையே சான்றாக வைத்துக்கொள்ள வேண்டும். குருகிராம் பணிப்பெண்ணின் வழக்கில் மாநகராட்சியைப் பொறுப்பாக்கிய வாதங்களில் அதுவும் ஒன்று.